அண்ணனுக்கு விழாத ஓட்டு

அத்தியாயம் பதினொன்று

அண்ணன் தோற்க வேண்டும். சனிக்கிழமை காலை கண் விழித்தபோது அன்னம்மாவின் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

டன்லப் தெருவில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து அவள் தனியாக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நகரசபைத் தேர்தலில் நிற்பதற்கு அண்ணன் மருதப்பன் மனு கொடுத்துவிட்டுக் கழுத்து மாலையோடு வீடு திரும்பிய அன்றே, அவள் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு இறங்கிவிட்டாள். "எங்கடி போறே?" என்று அண்ணி கோமளம் கேட்டதற்கு, "அண்ணனுக்கு எதிரா ஓட்டுக் கேக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

கோலாலம்பூரில் ஆகஸ்டு மாதமே சுதந்திரக் கொடி ஏறிவிட்டது. சிங்கப்பூருக்கும் இனி அதிக நாள் இல்லை என்று காப்பிக்கடைதோறும் பேச்சு. அதற்கு முன்னோட்டம்போல வந்திருந்தது இந்தத் தேர்தல். வெள்ளைக்காரன் பார்த்து நியமிக்கிற ஆள் எவனும் இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் சனங்களே ஆள் அனுப்பலாம். பஃபலோ ரோட்டு மாட்டுத்தீவனக் கடை முதலாளி மருதப்பன் குடைச் சின்னத்தில் நின்றார். பஸ் தொழிலாளர் சங்கத்து ரவூப், விளக்குச் சின்னத்தில்.

ரவூப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கினாள் அன்னம்மா. பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. சிராங்கூன் ரோட்டில் பாதிப் பெண்கள் வலியில் அவள் கையைப் பிடித்து நசுக்கியவர்கள்தான். அவள் வாசலில் வந்து நின்றால் உட்காரச் சொல்லாத வீடில்லை.

ரவூப்புக்கு அது பெரிய பலம். ஆனாலும் முந்தின வாரம் அவன் ஒரு தரம் கேட்டுவிட்டான். "அக்கா, நீங்க எனக்காக வேலை செய்றீங்களா, அவருக்கு எதிரா வேலை செய்றீங்களா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

அப்போதுதான் அவனிடம் லாரி விஷயத்தைச் சொன்னாள். ஜப்பான்காரன் காலம். வீட்டுக்கு ஓர் ஆள் சயாமுக்கு, ரயில் பாதை போட. லாரி பஃபலோ ரோட்டில் வந்து நின்றது. கடைக்குள் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் மருதப்பன். இன்னொருவர் அன்னம்மாவின் புருஷன் குழந்தைவேலு; தாலிகூட மருதப்பனே வாங்கிக் கொடுத்து நடத்திய கல்யாணம், ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் கதவைத் தட்டி ஏதோ கேட்டான். மருதப்பன் கையை நீட்டி மச்சானைக் காட்டினார். உள் அறைக் கதவிடுக்கில் நின்று அன்னம்மா அதைத் தன் கண்ணால் பார்த்தாள்.

சண்டை முடிந்து, போனவர்களில் பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். குழந்தைவேலு வரவில்லை. "மச்சான் அங்கேயே ஒரு சயாம்காரியோட இருக்காராம். புள்ளகூட இருக்காம். விசாரிச்சுட்டேன்" என்றார் மருதப்பன். சொன்னது மட்டுமல்ல, பார்த்த இடத்திலெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அன்னம்மா தாலியைக் கழற்றவும் முடியாமல், அதைத் தலை நிமிர்ந்து போட்டுக்கொள்ளவும் முடியாமல், ஆஸ்பத்திரி வேலை நேரம் போக அண்ணன் வீட்டு அடுக்களையில் கிடந்தாள். அந்தச் சயாம் கதையை அவள் நம்பவும் இல்லை. நம்பாமல் இருக்கவும் வழி இல்லை.

"இதை நான் மேடையில சொல்ல மாட்டேன் அக்கா," என்றான் ரவூப். "நாம தண்ணிக் குழாய்க்கு ஓட்டுக் கேக்க வந்தோம்."

அவளும் சரி என்று விட்டுவிட்டாள். சொல்லாமலே தோற்கடிக்க முடியும் என்று நினைத்தாள்.

பொழுது நன்றாக வெளுத்தபோது நகரசபைத் தொழிலாளர் குடியிருக்கும் லயனுக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்று வரிசை வீடுகளுக்கு ஒரே குழாய். அங்கே எப்போதும்போல வாளிகள் வரிசை கட்டியிருந்தன. விளக்குக்கு ஓட்டுப் போடுவதாக எல்லாப் பெண்களும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அழைத்துப் போக வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அன்றைக்கு ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன சிட்டம்மா, இன்னும் கெளம்பலியா? வெயில் ஏறிடும்லா."

சிட்டம்மா குழாயடியில் ராணி. அவள் சொன்னால் லயனே எழுந்து நடக்கும். தெருக்கூட்டும் வேலை; குரலும் அதற்கேற்ற குரல். அவள் வாளியை ணங்கென்று வைத்தாள்.

"யாருக்குப் போடணும்னு எங்களுக்குத் தெரியும். நீ போ."

"நேத்து வரைக்கும் விளக்குன்னு சொன்னே?"

"நேத்து எனக்குத் தெரியாது." சிட்டம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஒன் புருசன் சயாம்லருந்து ஆள்விட்டுச் சொல்லியிருக்கானாமே. ஒன் வாய்க்குப் பயந்துதான் ஊருக்கே வரலியாம். காலையிலதான் குடைக்காரங்க வந்து சொல்லிட்டுப் போனாங்க. கட்டுன ஆம்பளையை வச்சுக்கத் தெரியாதவ, யாருக்கு ஓட்டுப் போடுறதுன்னு எங்களுக்குப் படிச்சுக் குடுக்க வந்துட்டா!"

யாரோ சிரித்தார்கள். அன்னம்மாவுக்குக் காது அடைத்துப்போனது. அண்ணன் இவ்வளவு தூரம் வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தேர்தல் நாளன்று, பெண்கள் மத்தியில், அதுவும் தன்னுடைய பழைய புண்ணையே நோண்டி எடுத்து!

லயன் வாசலில் குடைப்படம் ஒட்டிய கார் நின்றிருந்தது. ஓட்டுப் போடுகிறவர்களை ஏற்றிப் போக மருதப்பன் அனுப்பிய கார். கார் ஓட்டுகிறவர் சேவியர். அண்ணனிடம் வெகுகாலமாக வேலை பார்க்கும் மனிதர். சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பிய சிலரில் ஒருவர்; குழந்தைவேலு இருந்த முகாமில் அவர் இல்லை என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதிகம் பேசமாட்டார். வீட்டு வாசலுக்கு வந்தால்கூட அன்னம்மாவைக் கண்டு தலையைக் குனிந்துகொள்வார். அது மரியாதை என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"சயாம்காரி சமைச்சுப் போட்டா நல்லாத்தான் இருக்கும்போல," என்றாள் சிட்டம்மா.

கார்க் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"வாயை மூடு!"

சேவியர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. குழாயடியே திரும்பிப் பார்த்தது.

"செத்தவனைப் பத்திப் பேசுற. அவன் செத்துட்டான். வாந்திபேதி. மூங்கில் காட்டுக்குள்ள, ஆத்தோரமா. நான்தான் குழி வெட்டுனேன். நான்தான் மண்ணைத் தள்ளுனேன். சயாம்காரியாம், புள்ளையாம்! மூணு நாளா ஒரு வாய்க் கஞ்சி உள்ள எறங்காம 'அன்னம்மா, அன்னம்மா'ன்னு சொல்லிக்கிட்டே போனான்!"

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

அன்னம்மா அழவில்லை. அவரை நோக்கி நடந்தாள். அவளுக்கே அவள் குரல் வேறு யாருடையதோபோலக் கேட்டது.

"இது எங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

சேவியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேவியர் அண்ணே, ஒங்களைத்தான் கேக்குறேன். தெரியுமா, தெரியாதா?"

"கப்பல்ல வந்து எறங்குன வாரமே நேரா கடைக்கு வந்து சொன்னேன். 'நானே பக்குவமா அவகிட்ட சொல்லிக்கிறேன், நீ ஒண்ணும் பேசிடாதே'ன்னாரு. அப்புறம்தான் இந்தச் சயாம்காரி கதை ஊருக்குள்ள ஓடுது. நான் போய்க் கேட்டேன். வேலை வேணுமா வேணாமான்னு கேட்டாரு."

அவ்வளவுதான். பதினோரு வருஷம். குழந்தைவேலு செத்தார் என்றால் கையை நீட்டியவன் கொலைகாரன். குழந்தைவேலு ஒருத்தியோடு ஓடிப்போனார் என்றால் குற்றமெல்லாம் குழந்தைவேலுவுக்கே. அண்ணன் கணக்கு எவ்வளவு சுத்தம்! ஒரு மனிதனை மறுபடியும் கொன்று, அந்தப் பழியை அவனுடைய பெண்டாட்டி கழுத்திலேயே மாட்டி அடுக்களையில் உட்கார வைத்திருக்கிறார். அவளும் அவருக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்கிறாள். எத்தனை தீபாவளி! எத்தனை தரம் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள்!

அவள் லயனை விட்டு வெளியே நடந்தாள். பின்னால் சிட்டம்மா ஏதோ கூப்பிட்டது காதில் விழவில்லை.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனைவரை நீண்டிருந்தது. சீலை, சரோங், கால்சட்டை எல்லாம் கலந்த வரிசை. வேட்பாளர்கள் நிற்க அனுமதித்த கோட்டுக்கு இந்தப் பக்கம் மருதப்பன் நின்றிருந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் சரிகைத் துண்டு, நெற்றி நிறைய விபூதி. போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கும்பிடு. "ஒங்க வீட்டுப் பிள்ளை. ஒங்க அண்ணன்" என்று சிரித்த வாயோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிர்ப் பக்கம் ரவூப் நின்றிருந்தான். அன்னம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"அக்கா, என்ன ஆச்சு?"

"இங்க ஓட்டுக் கேக்கக் கூடாதுல்ல தம்பி?"

"கூடாது."

"கேக்கல."

அவனை விலக்கிக்கொண்டு போனாள். தங்கை வருவதைப் பார்த்த மருதப்பன் முகத்தில் ஒரு நொடி கலவரம். பிறகு சனங்கள் பார்க்கிறார்கள் என்று நினைவு வந்ததுபோலக் கையைக் கூப்பினார்.

"வாம்மா அன்னம்மா. என்ன இருந்தாலும் ரத்தம்..."

அவள் இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோனாள். முடிச்சு பழசு, இறுகிப்போயிருந்தது. அவிழவில்லை. இழுத்தாள். கயிறு கழுத்தை அறுத்துக்கொண்டு வந்தது. கூப்பியிருந்த அவர் கைகளைப் பிரித்து, வலது உள்ளங்கையில் தாலியை வைத்து, விரல்களை மடக்கினாள்.

"இந்தா அண்ணே. நீ வாங்கிக் குடுத்தது. நீயே வச்சுக்க."

பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் நீ என்று சொன்னதில்லை.

வரிசை அப்படியே உறைந்து நின்றது. பச்சைப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்னம்மா நெற்றிக் குங்குமத்தைப் புறங்கையால் துடைத்தாள். அது பாதி அழிந்து பாதி பரவியது.

"அன்னம்மா, நடுத்தெருவுல என்ன இது? பைத்தியமா ஒனக்கு?" மருதப்பன் குரலைத் தாழ்த்திச் சீறினார்.

"எம் புருசன் செத்தது ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவர் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது. லயன் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், வாளியைக்கூட வைக்காமல் சிலர். முன்னால் சிட்டம்மா, பக்கத்தில் சேவியர். சேவியரைப் பார்த்ததும் மருதப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எனக்குக் கொழந்தை இருந்துச்சு," என்றார். அவருடைய குரல் திடீரென்று கிழடுதட்டிப்போயிருந்தது. "அப்பக் கபிலனுக்கு ஆறு வயசு. நான் போயிருந்தா அவனை யார் பாத்திருப்பா? நீயே சொல்லு. ஒனக்குப் புள்ளகுட்டி இல்ல..."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னபிறகு அவருக்கே தெரிந்தது.

"பொறக்க விட்டியா?" என்றாள் அன்னம்மா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்டது. சிட்டம்மா வந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அன்னம்மாவின் வெறுங்கழுத்தைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு மருதப்பன் காலடியில் காறித் துப்பிவிட்டு வரிசையில் போய் நின்றாள். அவள் பின்னால் லயனே போய் நின்றது.

போலீஸ்காரர் ஒருவர் வந்து மருதப்பனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் நகர்ந்தார். கையை விரிக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் யாரையும் கும்பிடவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

ரவூப் அவளைக் காப்பிக்கடையில் உட்கார வைத்தான். அவன் சந்தோஷப்படவில்லை.

"நான் ஜெயிச்சா, குழாய்க்காக ஜெயிச்சதா இருக்காது அக்கா."

"குழாயைப் போட்டுக் குடு. அப்புறம் அதுக்காக ஜெயிச்சதா ஆயிடும்."

அவன் தேநீரை அவள் பக்கம் தள்ளினான். "மனசு ஆறிச்சா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஆறவில்லை. ஒரு கதவு திறந்து உள்ளே இன்னொரு கதவு தெரிந்ததுபோல இருந்தது.

சாயங்காலம் கோமளம் வந்தாள். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. நகை எதுவும் போடாமல், வீட்டுச் சீலையோடு ரிக்ஷா பிடித்து வந்திருந்தாள்.

"அவரு அறையைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்காரு. ஓட்டு எண்ணுற எடத்துக்குப் போகக்கூட இல்ல."

"அவருக்குச் சாப்பாடு வேணும்னா நீங்க குடுங்க அண்ணி. நான் இனிமே குடுக்கறதுக்கில்ல."

கோமளம் பாயில் உட்கார்ந்தாள். தேம்பினாள். அன்னம்மா விளக்கைப் போட்டுவிட்டு நின்றபடியே இருந்தாள்.

"அண்ணி, ஒங்களுக்குத் தெரியுமா?"

கோமளம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதுவே பதில்.

"தெரிஞ்சுதான் வாராவாரம் வெள்ளிக்கிழமை எனக்குப் பூ வாங்கிட்டு வந்தீங்களா?"

"என்னை என்ன வேணா பேசு. அடி. நான் ஒரே ஒரு விஷயத்துக்கு வந்தேன்." கோமளம் அவள் காலைத் தொடப் போனாள், அன்னம்மா காலை இழுத்துக்கொண்டாள். "கபிலன் நாளைக்குக் காலையில மெயில் ரயில்ல வர்றான். பயிற்சிக் கல்லூரி லீவு விட்டாச்சு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீ வீட்டை விட்டுப் போனதைக்கூட நாங்க எழுதல. அப்பான்னா உசுரு அவனுக்கு. நான் ஸ்டேஷன்ல பாத்து, பைய, வேற மாதிரி சொல்லிக்கிறேன். நீ மட்டும் அவன் கண்ணுல பட்டுடாத. ஒன் மடியில வளந்த புள்ள அன்னம்மா!"

மடியில் வளர்ந்த பிள்ளைதான். மரவள்ளிக்கிழங்குக் காலத்தில் தன் பங்கையும் பிசைந்து அவனுக்கு ஊட்டியவள் அவள். குண்டு விழும் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்தியவள். பெற்றவளைவிட அத்தை என்றால்தான் ஓடிவருவான். அவனுக்காகத்தானாம், அண்ணன் கையை நீட்டியது!

"வேற மாதிரின்னா எந்த மாதிரி அண்ணி? எம் புருசன் செத்ததை எனக்குச் சொன்ன மாதிரியா?"

கோமளம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நேரமாச்சு. எறங்கும்போது படி பாத்து எறங்குங்க."

விடிந்தபோது தெருவில் பறைச் சத்தம். விளக்கு ஜெயித்துவிட்டது. குடைக்கு லயனிலிருந்து ஓர் ஓட்டுக்கூட விழவில்லை என்று ஒருவன் கீழேயிருந்து கூவினான். ரவூப்பை யாரோ தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் மாடியைப் பார்த்துக் கையசைத்தான். மாடியில் யாரும் இல்லை.

அன்னம்மா தஞ்சோங் பகார் ரயிலடியில் நின்றிருந்தாள். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். வருகிற வழியெல்லாம் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு மனம் சொன்னது. கபிலன் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. குழந்தைவேலுவும்தான் ஒன்றும் செய்யவில்லை.

தேர்தலில் தோற்றவன் அடுத்த தேர்தலில் நிற்கலாம். கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கலாம். மகன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனால்தான் மருதப்பனுக்குத் தெரியும், வீட்டில் ஓர் ஆளில்லாமல் போவது என்றால் என்னவென்று.

மெயில் உறுமிக்கொண்டு வந்து நின்றது. மூன்றாவது பெட்டியிலிருந்து கபிலன் குதித்தான். மெலிந்திருந்தான். மீசை வைத்திருந்தான். அவளைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தான்.

"அத்தை! நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? அப்பா வரலியா?"

"வரல."

"அப்ப ஜெயிச்சிட்டாரு! ஊர்வலம் போயிருப்பாரு, சரியா?"

"தோத்துட்டார்டா."

அவன் சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. "எப்படி? நம்ம ஏரியாவுல அப்பா எப்படித் தோக்க முடியும்? அந்த ரவூப்பை யாருக்குத் தெரியும்? யாரு அத்தை அப்பாவைத் தோக்கடிச்சது?"

பிளாட்பாரத்தின் மறுகோடியில் கோமளம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். கையை உயர்த்தி ஏதோ கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

அன்னம்மா அவன் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டு எதிர் வாசல் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்," என்றாள். "வா. நடந்துக்கிட்டே சொல்றேன்."